பழஞ்சீலைப் போர்வை

(ஹட்டனில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்குமுன் கொண்டு வந்ததை விரித்துக் காட்டிவிடுகிறேன். பிள்ளைகள் இரண்டு பேர் வந்து இந்த முனைகளைப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் உயரத் தூக்குங்கள். இது என் அம்மாயி தைத்த போர்வை. அம்மாவின் கலியாணத்துக்கென்று 1961இல் தொடங்கி, நான் பிறப்பதற்கு முந்திய மாதம்தான் முடித்தாராம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதற்குத் தனிப்பெயர் எதுவும் இருக்கவில்லை. பழஞ்சீலைப் போர்வை என்போம், அவ்வளவுதான்.

நடுவில் இருக்கும் குங்கும நிறத் துண்டு அம்மாயியின் கூறைச் சேலையில் முந்தானைப் பக்கம். அதைச் சுற்றி வரும் காக்கி, தாத்தாவின் கோட்டு. அந்தக் காலத்தில் ஓர் ஆணுக்குக் காக்கிக் கோட்டு ஒன்று இருந்தால் மலைக்கும் அதுதான், டவுனுக்கும் அதுதான். இதோ, இந்தக் காக்கித் துண்டில் ஒரு பொத்தான் துளை. அம்மாயி அதை அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். சின்ன வயதில் அந்தத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டுதான் நான் தூங்குவேன். ஓரத்தில் வரிசையாக இருக்கும் வெள்ளை, கோதுமை மா மூட்டைத் துணி. உற்றுப் பார்த்தால் மூட்டையில் அச்சடித்த நீல எழுத்தின் கால் ஒன்று இன்னும் தெரியும்.

இப்போது திருப்பிப் பிடியுங்கள். அடிப்பக்கம் முழுக்க ஒரே சேலை, கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிய சேலை. இடுப்புக்கு நேரே வரும் இடத்தில் கருத்த திட்டு ஒன்று தெரிகிறதா? கொழுந்துக் கறை. கையைத் துடைத்துத் துடைத்து ஏறிய கறை. பச்சைக் கொழுந்தின் சாறு காற்றுப் பட்டால் கருக்கும். ஸ்டோரில் பச்சை இலை கறுப்புத் தேயிலை ஆவதும் அதே காரணத்தால்தான். துணியில் ஏறிவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அறுபது வருடமாகத் துவைக்கிறோம், இன்னும் இருக்கிறது. போதும் பிள்ளைகளே, மடித்து மேசையில் வையுங்கள்.

முப்பத்தோரு வருடம் தோட்டப் பாடசாலைகளில் மனையியல் படிப்பித்தவள் நான். ஓட்டுத்தையல், பின்தையல், விளிம்பு மடித்தல் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் என் வீட்டுப் பெட்டியில் கிடந்த இந்தப் போர்வையை ஒரு நாளும் வகுப்புக்குக் கொண்டு போனதில்லை. பழைய துணி, காட்டினால் கௌரவக் குறைவு என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். காணி உறுதி இல்லாமல், பல காலம் குடியுரிமைகூட இல்லாமல் வாழ்ந்த சனம் நாம். நம் வீட்டில் யார் இருந்தார்கள், என்ன உடுத்தினார்கள், யாருக்காக யார் கண்விழித்தார்கள் என்பதை எழுதி வைத்த ஏடு இந்தத் துணிதான். இப்படிப்பட்ட போர்வையை ஆளுக்கு ஒன்றாக, யோசித்து, அளந்து, இனியும் தைக்க வேண்டும்.

போர்வைக்கு உள்ளே இன்னொரு துணி இருக்கிறது. ஓரத்தில் தையல் விட்ட இடத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. அது தோட்டத்தில் கொடுத்த கம்பளி. கம்பளியின் கதையைச் சொல்லாமல் போர்வையின் கதையைச் சொல்ல முடியாது.

1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இந்த இரண்டு பயிருக்கும் கை கொடுக்க வந்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துச் சமவெளி ஆட்கள். வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்து, மலை ஏறியதும் முதலில் அவர்களைப் பிடித்தது குளிர். துரைமார் அரிசியோடு கம்பளியும் கொடுத்தார்கள். சும்மா அல்ல. பற்று எழுதிக் கொடுத்தார்கள், பிறகு சம்பளத்தில் பிடித்தார்கள். நம் சொல்லையே ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டு தங்கள் கணக்கிலே கம்பளி என்றே எழுதினார்கள். போர்த்திக்கொண்ட துணியே கடனாக இருந்தது. அதுதான் நம்முடைய முதல் போர்வை.

அந்தக் கடனோடு சேர்ந்த இன்னொரு சொல் துண்டு. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகை கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டின் பெயர் துண்டு. ஆளை அல்ல, ஆளின் கடனைத்தான் ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்திடமிருந்து வாங்கியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் அந்த முறையை நிறுத்தியது. எங்கள் அம்மாயிக்கு இரண்டு துண்டும் தெரியும். அவருடைய அப்பா துண்டு எழுதி வாங்கித் தோட்டம் மாறியவர். அம்மாயி துணித் துண்டுகளை மடியில் பரப்பிக்கொண்டு, "இந்தத் துண்டெல்லாம் நம்மளுது, யாருக்கும் பாக்கி இல்ல" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இனிக் குளிரைப் பற்றி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் சில காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், கொழுந்து கருகும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் பனியைவிட மழைதான் பெரிய துன்பம். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஆவணி, புரட்டாசி வரை சுவரும் துணியும் காயாது. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. மேலே தகரம், கீழே சிமெந்து. இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்ந்து போகும். உள்ளே நாம் விடும் மூச்சு அதில் பட்டு நீராகித் துளித்துளியாகச் சொட்டும். கீழேயிருந்து சிமெந்து உடம்புச் சூட்டை இழுக்கும். நம்மவர்கள் சாக்கை விரித்து, அதற்குமேல் ஒரு பழஞ்சீலைப் போர்வையை விரித்து, இன்னொன்றைப் போர்த்திக்கொண்டது இதனால்தான். மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே இல்லாவிட்டால் விறைக்கும்.

பழஞ்சீலை எப்படிக் குளிரைத் தாங்கும் என்று கேட்பீர்கள். சூடு தருவது துணி அல்ல, துணிக்கும் துணிக்கும் இடையில் அகப்படும் காற்று. தடித்த ஒற்றைத் துணியைவிட மூன்று மெல்லிய துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நெருக்கமாக ஓட்டித் தைத்தால் கதகதப்பு கூடும். நூறு முறை துவைத்து மெதுவான பருத்திச் சேலை இதற்கு மிக நல்லது. புதுத் துணியின் விறைப்பு அதில் இல்லை, உடம்போடு ஒட்டிக் கிடக்கும்.

நம் வீடுகளில் ஒரு சேலைக்கு ஒரு வாழ்க்கை உண்டு. தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் புதுச்சேலை ஒன்று வரும். அது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும். இரண்டு மூன்று வருடத்தில் இன்னொன்று வந்தால் பழையது மலைக்கு இறங்கும், இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்குக்கு உள்ளே கட்டும் சேலையாகும். அதிலும் கிழிந்தால் பாதி ஏணையாகும். பிள்ளைக் காம்பராவில் நம்மில் எத்தனை பேர் யாரோ ஒருவரின் சேலையில் ஆடித் தூங்கியிருப்போம்! மீதிப் பாதி போர்வைக்கு. போர்வையும் நைந்தால் அடுப்படியில் பிடிதுணி. அதற்குப் பிறகுதான் குப்பை. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2024இல்தான். அதற்கு முன் அரை நூற்றாண்டு இருந்த நிலைமையில் ஒரு சேலையை இத்தனை படி இறக்கிப் பயன்படுத்தினால்தான் குடும்பம் மூடிக்கொள்ள முடிந்தது.

ஒரு போர்வையை யாருக்கு என்று முடிவு செய்யாமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். என் மாணவிகளுக்கு இதைத்தான் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன். யாருக்கு என்றால் பெயர் மட்டும் போதாது. அவர் எங்கே படுக்கிறார், கட்டிலிலா தரையிலா, இரவில் எத்தனை முறை எழும்புகிறார், எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறார், கால் விறைக்கிறதா, மூச்சு முட்டுகிறதா. இவ்வளவையும் யோசித்த பிறகுதான் அளவு வரும்.

வயதானவர்களுக்குப் பாரமான போர்வை ஆகாது. முட்டி நோகிற அப்பாயி இரவில் எழும்ப வேண்டுமானால் போர்வையைத் தானே விலக்க முடிய வேண்டும். அவர்களுக்கு இரண்டு அடுக்கு போதும். கால்மாட்டில் மட்டும் ஒன்றரை முழத்துக்குப் பழைய கம்பளித் துண்டை உள்ளே வைத்துத் தையுங்கள். என் மாமியாருக்கு இப்படித் தைத்தேன். எந்தப் பக்கம் கால்மாடு என்று இருட்டில் தெரியாமல் தடவுவார் என்பதற்காக அந்த ஓரத்தில் மூன்று பெரிய பொத்தான்களை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கடைசி வரை அந்தப் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்துத்தான் படுப்பார்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வளரும் அளவு விட வேண்டும். நான்கு அடிக்கு ஐந்து அடி தைத்து, ஒரு பக்கம் விளிம்பை முடிக்காமல் மடித்து மட்டும் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதில் ஒரு வரிசை சேர்க்கலாம். சேர்க்கும் வரிசைக்கு அந்தப் பிள்ளையின் கட்டையாகிப் போன சீருடைத் துணியைப் போடுங்கள். எந்த வயதில் எவ்வளவு வளர்ந்தான் என்பது போர்வையிலேயே இருக்கும்.

கைக்குழந்தைக்கு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது நிறையாத பிள்ளையைத் தடித்த போர்வையால் மூடிப் படுக்க வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தில் ஏறினால் விலக்கத் தெரியாது, மூச்சு அடைக்கும். ஆகவே பேறுகாலத்துக்குத் தைப்பது விரிப்பாக இருக்கட்டும், மூன்று அடிச் சதுரம். பிள்ளை தவழ, புரள, வெயிலில் கிடக்க. பிறகு அதுவே அதன் முதல் போர்வை.

கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் ஆடை ஆலை வேலைக்குப் போன மகள்மாருக்குக் குளிர் இல்லை, அங்கே புழுக்கம். ஆனாலும் அவர்களுக்கும் தையுங்கள், ஒற்றை அடுக்கில், மெல்லிய சேலையில். போர்டிங் அறையில் பத்துப் பேரோடு படுக்கும்போது தன்னுடையது என்று ஒன்று வேண்டும். வரும்போது அவர்கள் கொண்டு வருகிற வெட்டுத் துண்டுகளை வீட்டில் சேர்த்து வையுங்கள். ஐரோப்பாக் கடைகளுக்குப் போகும் சட்டையின் மீதத் துணியும் அம்மாவின் மலைச் சேலையும் ஒரே போர்வையில் சேர்ந்தால், அது இந்தத் தலைமுறையின் கதை.

இனிக் கைவேலை. ஒரு பெரிய ஆளுக்கு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் நல்ல அளவு. மேல்துணியில் முடிந்த ஒவ்வொரு கட்டமும் 6 அங்குலம் வேண்டுமானால் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். குறுக்கே 10, நெடுக்கே 15, ஆக 150 கட்டம். கடுதாசி மட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு அதை வைத்தே எல்லாவற்றையும் கோடு போடுங்கள். வெட்டிய கட்டத்தை வைத்து அடுத்ததை வெட்டினால் ஒவ்வொன்றும் நூலளவு பெருத்துக்கொண்டே போய் 150ஆவது கட்டம் பொருந்தாது. வகுப்பில் வருடந்தோறும் யாராவது ஒரு பிள்ளை இதில் அழுதிருக்கிறாள்.

வெட்டுமுன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் சொருகுமிடமும் கால் தட்டும் ஓரமும் முதலில் இற்றுப்போகும். ஊசி விட்டால் கிழியும். முந்தானைப் பக்கமும் உள்மடிப்புப் பக்கமும் நன்றாக இருக்கும். அடித்துணிக்கு ஒரு முழுச் சேலையை இரண்டாக வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஏழடிக்கு மேல் அகலமும் ஒன்பதடிக்குக் கொஞ்சம் குறைய நீளமும் வரும். கணவன் மனைவி இருவருக்குத் தாராளம்.

சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தாலே தெரியும். நான் தைத்த முதல் போர்வையில் ஒரு சிவப்புச் சேலையை அப்படிப் பார்க்காமல் போட்டேன். முதல் துவைப்பிலேயே பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. அதைவிடப் பெரிய தவறு நைலோன் சேலை. பார்க்கப் பளபளப்பு, கிழியாது, ஆனால் பருத்தியோடு சேராமல் வழுக்கும், வேர்வையை உறிஞ்சாது. அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு உள்ள வீட்டில், ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் படுக்கும் லயத்தில், ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். போர்வைக்குப் பருத்தி மட்டும்தான்.

மேல், நடு, அடி என மூன்று துணியையும் அடுக்கித் தரையில் இறுக்கமாக விரித்தபின் நடுவில் இருந்து ஓரத்துக்கு, சூரியக் கதிர் மாதிரி, பெரிய பெரிய நூலோட்டம் போடுங்கள். ஓரத்தில் இருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி குவிந்து சுருங்கும். பிறகு மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடாக ஓட்டுத்தையல். உள்ளே கம்பளி வைத்திருந்தால் சிறு ஊசி இறங்காது. கோணி ஊசியால் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டால் போதும். மெஷினில் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டங்களைச் சேர்க்க மெஷின் நல்லது. சிங்கர் மெஷின் 1877இலேயே இந்த நாட்டுக்கு வந்துவிட்டது, தவணைக்கு எடுத்த மெஷின் நம் லயங்களிலும் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது. ஆனால் அடுக்குகளைச் சேர்க்கும் தையல் கையால்தான் மெதுவாக விழும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மலையே மழைக்குள் இருக்கும்போது உட்கார்ந்து தையுங்கள், துவைக்காதீர்கள். மூன்றடுக்குத் துணி அந்த ஈரத்தில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசி, பங்குனி வெயிலில் துவைத்து, தேயிலைச் செடி மேல் விரித்துக் காய வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அப்படித் துவைத்தால் போர்வை நம்மைவிட அதிகக் காலம் இருக்கும்.

பழைய துணியை ஒட்டுப்போட்டுப் போர்த்துவது இல்லாமையின் அடையாளம் மட்டும்தானா? நம்மைச் சுற்றிப் பாருங்கள். இதே மலைநாட்டில், வஸ் என்ற பிக்குகளின் மழைக்காலத் தங்கல் முடிந்ததும் விகாரைகளில் கட்டின சீவர பூசை நடக்கிறது. துணியை வெட்டி, தைத்து, சாயமிட்டு, ஒரே நாளுக்குள் பிக்குவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சீவரம் துண்டு துண்டாக வெட்டித் தைத்ததாகத்தான் இருக்க வேண்டும். மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் போல அதை அமைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. ஒட்டுத்தையல் போட்ட துணியைத் தலைமேல் வைத்துப் பெரஹரா ஊர்வலமாகக் கொண்டு போகிற நாடு இது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைக் கரையில் இருந்தே நூலை உருவி, அந்த நூலாலேயே காந்தா என்ற போர்வை தைத்தார்கள். வட கர்நாடகக் காட்டோரத்தில் வாழும் சித்திமார், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துச் சிறு பூ வைக்காவிட்டால் அது அவர்களுக்கு முடிந்த போர்வை இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை அழ வைத்தது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அங்கே பருத்தித் தோட்டம். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திமார் வேலைக்கு உடுத்திய துணியில் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண் கணவர் இறந்தபின், 1942இல், அவர் வயலுக்கு உடுத்திய காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, தான் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார். முட்டி தேய்ந்து வெளுத்த இடங்கூட அதில் தெரிகிறது. 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகம் அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டது. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளில் அவை வந்தன. பருத்திக் காட்டுப் பெண்ணின் போர்வைக்கு அந்த இடம் உண்டென்றால் தேயிலைக் காட்டுப் பெண்ணின் போர்வைக்கும் உண்டு. மிசௌரி பெட்வேயின் போர்வைப் படத்தைப் பார்த்த அன்று இரவுதான் பெட்டியைத் திறந்து அம்மாயியின் போர்வையை எடுத்தேன்.

அதை எடுத்தபோது மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தப் போர்வையில் ஒரு மூலையில் மாம்பழ நிறத்தில் துண்டு ஒன்று இருக்கிறது, போர்வை முடிந்த பிறகு அவசரமாகச் சேர்த்துத் தைத்தது. அது வந்த கதை இது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று. எங்கள் வீட்டில் பெரியம்மாவின் குடும்பம் இந்தியாவுக்கு, எங்கள் குடும்பம் இங்கே. ஹட்டன் ஸ்டேஷனில் இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாருக்குப் போய், கப்பல் ஏறி, ராமேஸ்வரம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அக்காளும் தங்கச்சியும் பெரியம்மாவின் மாம்பழ நிறச் சேலையை நடுவில் கிழித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. ஒரு பாதி இந்தப் போர்வையில் ஏறியது. மறு பாதி பெரியம்மாவோடு நீலகிரிக்குப் போனது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதுவும் ஒரு போர்வையில் இருந்தது. பெரியம்மா இறந்தபின் அவர் மகள் ஒரு கடிதத்தில், "மஞ்சள் துண்டு இருக்கிற போர்வையைத்தான் அம்மாவுக்குப் போர்த்தினோம்" என்று எழுதியிருந்தாள்.

இப்போது லயங்களில் தைத்த போர்வை குறைந்துவிட்டது. நுவரெலியா பேல் பஜாரில் பூப்போட்ட பொலியெஸ்டர் கம்பளிகள் கிடைக்கின்றன. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தைக்க நேரமில்லாத தாய்க்குக் குளிருகிற பிள்ளைதான் முக்கியம். ஆனால் வாங்கிய கம்பளி வந்ததும் பழைய தையல் போர்வையைச் சாக்காக்கிக் கால் துடைக்கப் போடுகிறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டு நம்முடைய பாட்டைச் சேகரித்தார். அதனால்தான் அந்தப் பாடல்கள் இன்று புத்தகத்தில் இருக்கின்றன. துணியையும் அப்படிச் சேகரிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. நாளை மலை எங்கே சரியும் என்று யாருக்குத் தெரியும்?

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பெட்டியில் ஒரு பழஞ்சீலைப் போர்வை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலில் விரித்து, இருபக்கமும் படம் எடுங்கள். அம்மாவையோ அப்பாயியையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு துண்டையும் தொட்டுக் காட்டி இது யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இல்லாமல் போனபின் அந்தக் காக்கி வெறும் காக்கிதான்.

புதிதாகத் தைக்கிறவர்கள் அடித்துணியின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் துணி வைத்து, யாருக்கு, யார் தைத்தது, எந்த வருடம், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று நூலால் எழுதுங்கள். அம்மாயி எழுதவில்லை, அவருக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வீட்டில் வைத்துக் காப்பாற்ற வழியில்லாத போர்வை இருந்தால் எறியாதீர்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்திலேயே, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. நம் முன்னோரின் பாத்திரமும் கருவியும் பத்திரமும் அங்கே இருக்கின்றன. கழுவிக் காய வைத்து, எழுதிய தாளை உள்ளே மடித்து வைத்து, அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள். நான் அம்மாயியின் போர்வையை அடுத்த மாதம் எடுத்துப் போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள்.